அவர் தூங்கட்டும்

“போர்வையில கை வைக்காதீங்க. எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

கட்டிலில் கழுத்துவரை போர்த்திக் கிடந்த பெரியவருக்கும் நர்ஸுக்கும் நடுவே நாற்காலியைப் போட்டுச் சட்டமாக உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி. தோளில் சால்வை, கையில் ஒரு கப் ஐஸ்கிரீம்.

நர்ஸுக்கு இந்த இல்லத்தில் இன்றுதான் முதல் நாள். முன்பு வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே வார்டு அடங்கிவிடும். இங்கேயோ, இனி வைத்தியமில்லை என்று வந்தவர்கள் பக்கத்து அறையில் கேரம் ஆடிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

“அம்மா, மூணாம் ரூமுக்கு ஊசி போடச் சொல்லியிருக்காங்க. தள்ளிப்போட்டா வலி தாங்க முடியாது.”

“வலி வந்தா நான் பாத்துக்கறேன். அவரை எழுப்பக் கூடாது, அவ்வளவுதான்.”

வலி ஒருத்தருக்கு, வீறாப்பு இன்னொருத்தருக்கா என்று நர்ஸ் பல்லைக் கடித்தாள். “நோயாளி முன்னால இப்படி ஐஸ்கிரீம் சாப்பிடுறது நல்லாவா இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு. வெனிலா.”

அந்த அம்மாள் ஸ்பூனைச் சாவகாசமாக நக்கினாள். நூல் சுற்றி இறுக்கியும் மோதிரம் விரலில் ஆடிக்கொண்டிருந்தது. யாருடையதை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாளோ என்று நினைத்துக்கொண்டாள் நர்ஸ்.

கட்டிலில் குறட்டை ஏறி இறங்கியது.

“கேட்டீங்களா? இந்தச் சத்தத்துக்காகத்தான் காலையிலேர்ந்து காவல் இருக்கேன். எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? பெரிய டாக்டரே வந்தாலும் விடமாட்டேன்.”

இதற்குமேல் பொறுக்க முடியாது. நர்ஸ் நாற்காலியைச் சுற்றிப் போய்ப் போர்வையை விலக்கி, பெரியவரின் மணிக்கட்டில் பெயர்ப்பட்டையைத் தேடினாள். ஒரு கையில் பழைய கைக்கடிகாரம். மறு கையில் ஒன்றுமில்லை.

“பட்டை எங்கே? யாரைக் கேட்டு அவிழ்த்தீங்க?”

“மெதுவாப் பேசுங்க.”

அந்த அம்மாள் கப்பைக் கீழே வைத்தாள். சால்வையை ஒதுக்கி, பெயர்ப்பட்டை கட்டிய தன் கையை நீட்டினாள்.

“எனக்குப் போடுங்கம்மா, இந்த மனுஷன் தூங்கி ரெண்டு வருஷமாச்சு.”