மூடிய குளம்

மார்லிஸ் இரட்டைக் குழல் துப்பாக்கியை மடித்துத் திறந்து இரண்டு தோட்டாக்களையும் போட்டாள்.

குளம் முழுக்க வாத்துகள். ஊசிவால் வாத்துகள்தான் அதிகம். கரையோரம் மெல்லிய பனிக்கட்டி பிடித்திருந்தது. நடுவே, தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு மிதந்தன.

எதிர்க்கரை நாணலுக்குள் ஆட்கள் இருமினார்கள். ஒரு நாய் முனகியது. யாரோ பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றுவதுகூடத் தண்ணீரின் மேல் தெளிவாகக் கேட்டது.

போன வருடம் வரை இந்தக் கரையில் துப்பாக்கியோடு யாரும் நின்றதில்லை. சரணாலயத்தின் மற்ற ஏரிகளில் வேட்டைக்கு அனுமதி உண்டு. இதில் மட்டும் கிடையாது. ஊரில் இதன் பெயரே மூடிய குளம். பருவத்தின் முதல் வெடி எங்கே கேட்டாலும் சுற்று வட்டாரத்து வாத்துகளெல்லாம் இங்கே வந்து இறங்கிவிடும்.

அவளுடைய அப்பா ஹால்வர் முப்பது ஆண்டுகள் இதற்குக் காவல் இருந்தார். வேட்டைக்குத் தடை என்று எழுதிய எல்லைப் பலகைகளை வாத்துகள் படிக்கும் என்று பெருமையாகச் சொல்வார்.

கோடையில் பலகைகளைப் பிடுங்கிவிட்டார்கள். இனி இங்கும் சுடலாம்.

சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பு வேட்டை தொடங்கலாம் என்பது சட்டம். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்குள் குளம் காலியாக வேண்டும்.

இது ஹால்வர் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி போட்ட திட்டம். மற்றவர்கள் சுடுவதற்கு முன்னால் நீ சுட்டுவிடு, வாத்துகள் பயந்து பறந்துவிடும் என்றார். தோட்டாவை எப்படி அடைக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். உள்ளே இரும்புக் குண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அடைத்துக் கொடுத்தவர் வெர்லின். ஹால்வரின் நண்பர், வேட்டைக்காரர். இப்போது அவள் பக்கத்தில் சேற்றில் நின்றார்.

“இதே துப்பாக்கியத்தான் உங்கப்பன் ஒரு தடவ எங்கிட்டருந்து பிடுங்கிட்டுப் போனான். இன்னைக்கு நேரத்துக்கு முன்னாடி சுட்டதுக்கு யாராச்சும் வந்து கேட்டா, ஹால்வர் பேர்ல எழுதிக்குங்கன்னு சொல்லிடறேன்.”

மார்லிஸ் குழலைக் குளத்துக்கு மேலே வானத்தை நோக்கி உயர்த்தி, இரண்டு விசைகளையும் அடுத்தடுத்து இழுத்தாள்.

குளமே எழுந்தது. சிறகுகள் தண்ணீரை அடித்த சத்தத்தில் இரண்டாவது வெடி அமுங்கிப்போனது.

“எவன்டா அந்த அவசரக்காரன்?” என்றது எதிர்க்கரையில் ஒரு குரல்.

வாத்துகள் நாணலைத் தாண்டின. சரளைச் சாலையைத் தாண்டின. அறுத்து முடித்த கோதுமை வயலின் மேலே சிறுத்துக்கொண்டே போயின. தண்ணீரில் ஒன்றுகூட மிச்சமில்லை.

மார்லிஸ் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

பிறகு முன்னால் பறந்தவை வளைந்தன. அவற்றின் பின்னால் மொத்தக் கூட்டமும் வளைந்தது.

வெடி கேட்டால் எங்கே போக வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும்.

வடக்கே இருந்த ஏரிகளிலிருந்தும் வரிசை வரிசையாகக் கிளம்பி வந்தன. கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு குளத்தில் இறங்கின. முன்பு இருந்ததைவிட அதிகம்.

அவள் கைகளைத் தட்டினாள். கையுறைக்குள் அது சத்தமாகவே இல்லை.

“புண்ணியவான். எல்லாத்தையும் நம்ம காலடிக்கே ஓட்டி விட்டுட்டான்,” என்றது அதே குரல். நாணல் முழுக்கச் சிரிப்பு. அதைத் தொடர்ந்து துப்பாக்கிகளின் விசைப்பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சின்னச் சத்தம்.

அவள் வெர்லினிடம் கையை நீட்டினாள். இன்னொரு தோட்டா.

“ரெண்டே ரெண்டுதாம்மா,” என்றார் வெர்லின். “மிச்சத்ததான் உங்கம்மா பக்கத்துல புதைச்சிட்டமே.”

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

காற்று இல்லை. அப்பாவின் சாம்பல் இன்னும் தண்ணீரின் மேல் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒன்றிரண்டு வாத்துகள், தலையைத் திரும்பவும் சிறகுக்குள் செருகிக்கொண்டன.