நூற்றிருபது டாலர் ரம்பம்

நோரீன் அந்தச் சங்கிலி ரம்பத்தை வேலை மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றாள்.

பார்த்த மாத்திரத்தில் வெண்டலுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மஞ்சள் பிளாஸ்டிக் உடம்பு. பக்கவாட்டில் அவனே ட்ரில் போட்டுத் துளைத்த சைலன்சர். யாரோ நன்றாகத் துடைத்திருந்தார்கள். சங்கிலிக் கண்ணிகளின் இடுக்கில் மட்டும் கறுப்பாக எதுவோ காய்ந்து கிடந்தது. அது ஆயிலாகவும் இருக்கலாம்.

அவள் புருஷன் டார்ஸியைப் புதைத்து இருபது நாள் ஆகியிருந்தது.

வந்த காரியத்தை அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். மான் வேட்டை வாரத்துக்கு ஒஹாயோவிலிருந்து அவள் தம்பி லானி வருகிறான். குளிர்காலத்துக்கு வேண்டிய விறகை அவன்தான் அறுத்துப் போட வேண்டும். புது ரம்பம் வாங்க இப்போது வழியில்லை. இதைத் தொட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. வந்து பார்த்த போலீஸ்காரர் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். சர்ச்சிலும் அதைத்தான் பேசிக்கொள்கிறார்கள். டார்ஸிக்கு எப்போதும் அவசரம், டார்ஸிக்கு எப்போதும் விளையாட்டு என்று.

"தப்பு மனுஷன் மேலயா, மெஷின் மேலயான்னு எனக்குத் தெரியணும், வெண்டல். நீங்க சொன்னா நான் நம்பிக்குவேன்."

மூடியைக் கழற்றாமலே அவனுக்கு விடை தெரியும்.

பகலில் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக். மற்ற நேரமெல்லாம் இந்த ஷெட்தான். யாரும் சீந்தாத மலிவு ரம்பங்களைத் தபாலில் வரவழைப்பான். வேகம் கூடுவதற்காகச் சைலன்சரைத் திறந்து விடுவான், சிலிண்டரின் அடியை இழைப்பான், கார்புரேட்டரைக் காதால் கேட்டே திருகி வைப்பான். செப்டம்பரில், தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் இவனைப் போன்ற கிறுக்கர்கள் கூடி, யார் ரம்பம் வேகமாக அறுக்கிறது என்று போட்டி போடுவார்கள். ஒரே தடிமனில் ஓக் கட்டைகள், கையில் ஸ்டாப்வாட்ச், பெரிய பாத்திரத்தில் பீன்ஸ், சோள ரொட்டி. போன வருஷம் இவன் மஞ்சள் ரம்பத்தோடு போய் இறங்கியபோது ஹார்லன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "ஏன்டா வெண்டல், இது மரம் அறுக்கவா, பல்லு குத்தவா?"

அந்தச் சிரிப்பு ஒரு வருஷம் காதிலேயே கிடந்தது.

இந்த வருஷம் எல்லாம் சரியாக வந்தது, பிரேக்கைத் தவிர. ரம்பம் துள்ளினால் முன்கைப்பிடி மணிக்கட்டில் பட்டு, ஒரு பட்டை இறுகிச் சங்கிலியை நிறுத்தும்; அதுதான் பிரேக். மலிவுச் சாமான் என்பதால் அந்தப் பட்டை லேசாக உரசிக்கொண்டே இருந்தது. அதில் அரை நொடி போயிற்று. போட்டிக்கு முதல் நாள் பட்டையை இழுக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டான். முன்கைப்பிடி வழக்கம்போல ஆடும். ஆனால் எதையும் நிறுத்தாது.

ஹார்லனின் ஆயிரம் டாலர் ரம்பம் தோற்றது. யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் டார்ஸி ஒருவன்தான் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் காலையே ரம்பத்தை அவனுக்குச் சும்மா கொடுத்துவிட்டான் வெண்டல். ஸ்பிரிங்கைப் பற்றிச் சொன்னதாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

செத்த அன்று, காற்றில் விழுந்த மரம் ஒன்றுக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தான் டார்ஸி. ரம்பத்தின் மூக்கு எதிலோ பட்டுக் கழுத்துக்குத் துள்ளியது. பிரேக் இருந்திருந்தால், இமைப்பதற்குள் சங்கிலி நின்றிருக்கும்.

வீட்டுக்குள் காபி சூடாக இருக்கிறது, போய் ஊற்றிக்கொள், நான் அதற்குள் பார்த்து வைக்கிறேன் என்றான். அவள் போனாள்.

இரண்டு நட்டைக் கழற்றினான். உள்ளே ஸ்பிரிங் இருக்க வேண்டிய பள்ளம் காலியாகக் கிடந்தது. செத்துப்போன வேறொரு ரம்பத்திலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக் குறட்டால் இழுத்து மாட்டினான். எத்தனையோ முறை செய்த வேலை. இரண்டு தடவை வழுக்கிற்று. பட்டை உரசாதபடி அடியில் கொஞ்சம் அரத்தால் தேய்த்துவிட்டான். செப்டம்பரிலேயே செய்திருக்கக்கூடிய வேலை, நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

லானியின் கழுத்துக்காகத்தான் செய்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதுவும் பொய்யில்லை.

அவள் கோப்பையோடு திரும்பி வந்தபோது மூடி பழையபடி இருந்தது. ரம்பத்தைத் தூக்கிப் பிடித்து, முன்கைப்பிடியை மணிக்கட்டால் தள்ளிக் காட்டினான். டக்கென்று சத்தம். சங்கிலியை விரலால் இழுத்தான். அசையவில்லை.

"பிரேக் நல்லாத்தான் புடிக்குது, நோரீன். மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல."

அப்படியானால் தப்பு டார்ஸி மேல்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னாள். செய்தான். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கோப்பையை மேசைமேல் வைத்தாள். ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

பிறகு கோட்டிலிருந்து சின்ன பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து ரம்பத்தின் பக்கத்தில் வைத்தாள். நேற்று டார்ஸியின் வண்டியைச் சுத்தம் செய்தபோது டாஷ்போர்டுக்குள் கிடைத்ததாகச் சொன்னாள். அதன் பிறகு மூடியைத் தானே கழற்றி, உள்ளே பள்ளம் காலியாக இருந்ததைப் பார்த்ததாகவும் சொன்னாள். குரல் உயரவில்லை.

எந்த ரம்பத்திலிருந்து எதைக் கழற்றினாலும் ஒரு பையில் போட்டு, மேலே எழுதி, ரம்பத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது வெண்டலின் பழக்கம். வருஷக்கணக்கில் செய்து செய்து, மனசுக்குத் தெரியாமலே கை அதைச் செய்துவிடும்.

பைக்குள் இரண்டு திருகாணி, சைலன்சரில் இருந்த கம்பிவலைத் துண்டு, ஒரு ஸ்பிரிங்.

மேலே கறுப்பு மையில், அவனுடைய கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'டார்ஸிக்கு. இதெல்லாம் தேவைப்படாது.'