கட்டில் போட ஒரு சுவர்

"மாடிப்படி இனி உன்னால ஏற முடியாதும்மா. இந்தக் கணப்பை மூடிட்டா உன் கட்டிலை இங்கேயே போட்டுடலாம்" என்றாள் மகள் டோரீன்.

கூடத்துச் சுவரில் குளிர்காய நெருப்பு மூட்டும் அந்தச் செங்கல் கணப்பை வில்மா பார்த்தாள். இறந்துபோன கணவர் தன் கையால் கட்டியது. கிறிஸ்துமஸ் தோறும் பிள்ளைகளின் காலுறைகளை அதில்தான் தொங்கவிடுவாள். ஆனால், வீட்டை மகள் பேருக்கு எழுதிக் கொடுத்த பிறகும் இங்கேயே இருக்கலாம் என்றால், செங்கல் மறைந்தால்தான் என்ன?

"சரி, மூடுங்க."

மருமகன் கர்ட் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் ஜிப்சம் பலகையைத் திருகினான்.

"மாப்பிள்ளே, ஓரத்துல கோணலா இருக்கு பாருங்க. உங்க மூக்கு மாதிரி."

"பட்டி பார்த்தா நேராயிடும் அத்தே. மூக்குக்குத்தான் வழியில்ல."

மூவரும் சிரித்தார்கள். வெள்ளையடித்துக் காய்ந்ததும் வில்மா சுவரை ஆசையாகத் தடவிப் பார்த்தாள்.

சனிக்கிழமை ஓர் இளம் தம்பதி வந்தார்கள். மகளின் சிநேகிதர்கள் என்று நினைத்து வில்மா காபி கொண்டுவந்தாள்.

வந்த பெண் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "கூரைமேல புகைபோக்கி இருக்கே, கணப்பு எங்கே? செங்கல் கணப்பு இருக்கும்னுதான் இந்த வீட்டை வாங்க வந்தோம்."

டோரீன் பதறினாள். "உள்ள அப்படியே இருக்குங்க! பழைய செங்கலைப் பார்த்தா யாரும் வாங்க மாட்டாங்கன்னு மறைச்சோம். நாளைக்கே பலகையைப் பெயர்த்துடறோம்."

காபித் தட்டோடு நின்ற வில்மா கேட்டாள்: "அப்போ என் கட்டில்?"

டோரீன் வந்தவளைப் பார்த்தே பதில் சொன்னாள். "அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. முதியோர் இல்லத்துல கட்டில் அவங்களே தருவாங்க."