சம்பந்தியம்மாள் கேட்ட கடைசிக் கேள்வி

என் மகள் மாதவியைத் தன் மகனுக்குப் பெண் கேட்ட கிள்ளான் ஊர்ச் சீதாலெட்சுமி, நேரில் பார்க்குமுன்பே போனில் விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

“போட்டோ பாத்தேண்ணே. பொண்ணு சீனப் பிள்ளை மாதிரி இருக்கே?”

“சீனக் குடும்பத்துல பொறந்தவதான். நாலு நாள் குழந்தையா எடுத்து வளத்தோம்.”

“பேர்த் சர்டிபிகேட்ல என்ன இனம் போட்டிருக்கு?”

“இந்தியர்.”

“படிச்சது?”

“தமிழ்ப் பள்ளிதான். தேவாரமே பாடுவா.” இவருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

“சொந்தக்காரங்க அவளைச் சீனத்தின்னு கூப்பிடுவாங்களா?”

“விளையாட்டுக்குக் கூப்பிடுவாங்க.”

“அப்ப நீங்க என்ன சொல்வீங்க?”

“விளையாட்டுக்குத்தானே லா. அதுக்கு என்னத்தச் சொல்றது?”

அவர் போனை வைத்துவிட்டார்.

சாதி பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த அம்மாள் ரத்தமே பார்க்கிறார். சம்பந்தம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட, சனிக்கிழமை சுபாங் ஜெயாவிலிருந்து ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன்.

சேலையும் குங்குமமும் மல்லிகைச் சரமுமாகக் கதவைத் திறந்தவர் ஒரு சீன அம்மாள்.

“நான்தாண்ணே சீதாலெட்சுமி,” என்றார். “என்னைச் சீனத்தின்னு கூப்பிட்டப்ப, எடுத்து வளத்த எங்கப்பாவும் ஒண்ணும் சொன்னதில்ல.”