கையுறையின் அகலம்

தில்லை நகர் மாடி அறையில் மாலை வெயில் கணினித் திரையை மங்கலாக்குகிறது. மோட்டாரைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒன்றுக்கு மென்பொருள் வரைந்து தந்த நாற்பது வடிவங்களில் எடை மிகக் குறைந்ததை ரஞ்சனி தேர்ந்தெடுத்திருக்கிறாள். அவளுடைய முதல் டிசைன். ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். உள்மூலையில் வெல்டிங் வைக்க எட்டுமா என்று பார்க்க, மேஜையில் இருக்கும் அதன் அட்டை மாதிரிக்குள் வெல்டர் ஜோதி கையுறையோடு கையை விடுகிறாள். பாதியில் சிக்கிக்கொள்கிறது. ரஞ்சனி தன் வெறுங்கையை விட்டுப் பார்க்கிறாள், சுலபமாகப் போகிறது. “அப்ப வெல்டிங்கையும் நீங்களே வெச்சிடுங்க மேடம்” என்று ஜோதி சிரிக்கிறாள். ரஞ்சனிக்குக் காது சூடாகிறது. ஸ்கேலை எடுத்து, நுனி தீய்ந்த அந்தக் கையுறையின் அகலத்தை அளந்து, மென்பொருளின் நிபந்தனைகளில் சேர்க்கிறாள். திரையில் கையுறை நுழையாத வடிவங்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. “ஒண்ணாச்சும் மிஞ்சுமாங்க?” என்கிறாள் ஜோதி. இரண்டு மிஞ்சுகின்றன. “எதுன்னு நீங்க சொல்லுங்க” என்று ரஞ்சனி மவுஸை அவள் பக்கம் நகர்த்துகிறாள். ஜோதி கையுறையைக் கழற்றுகிறாள்.