நாலு சுத்துது

மெக்கானிக் தன் தங்கை கணவரின் பிக்கப்பை லிஃப்டில் தூக்கி, நாலு சக்கரமும் சுற்றும் ஃபோர் வீல் டிரைவைப் போட்டார். டயர்களில் சாக்பீஸால் கிழித்த கோடுகள் சுற்றுகின்றனவா என்று எண்ணினார்.

"மாப்ளே, நாலு சுத்துது."

"அப்புறம் ஏன் சேத்துல மாட்டுது? இன்னொரு தடவை வண்டியத் தள்ளச் சொன்னேன்னா உங்க தங்கச்சி பெட்டியோட உங்க வீட்டுக்கு வந்துடுவா, மச்சான்."

"முன்னாடி இடது சக்கரம் சும்மா நிக்குது. அதுக்குப் பதிலா அடியில தொங்குற ஸ்டெப்னி சுத்துது."

மூன்று நாள் கழற்றி மாட்டியும் அப்படியேதான். கடைசியில் மெக்கானிக் ஸ்டெப்னியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, வண்டியை மட்டும் அனுப்பினார்.

மாலையில் போன் வந்தது. "மச்சான், சேத்துல ஒரே மூச்சுல ஏறிடுச்சு!"

"தெரியும் மாப்ளே" என்று மெக்கானிக் முகத்தில் தெறித்த சேற்றைத் துடைத்தார். எதிரே, காய்ந்த சிமென்டுத் தரையில், ஸ்டெப்னி மெல்லச் சுற்றி நின்றது.