பதினோராம் அத்தியாயத்தின் முக்காடு

பதினோராம் அத்தியாயத்தில் கபடி ஆட இறங்கும் சுமையாவின் முக்காடு எதிரணியின் பிடியில் எப்படி நழுவாமல் நிற்கும் என்று அவளைப் பற்றி இளையோர் நாவல் எழுதிக்கொண்டிருந்த நசீஹாவுக்குப் பிடிபடவே இல்லை. பதிப்பாசிரியர் வாசுகி சுலபமான வழி சொல்லியிருந்தார்: “முக்காடா, கபடியான்னு அவ தவிக்கட்டும் மேடம். அதுதானே கதை!” நசீஹா எழுதுவதோ இறுதியாட்டத்தின் கதை. வாசிக்கும் பிள்ளைகள் யார் ஜெயித்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

கூடத்தில் மெத்தையை விரித்து, முக்காட்டோடு தானே இறங்கினாள். தங்கை முஹ்சினா பாய்ந்து பிடித்தாள். முக்காட்டின் குண்டூசி அவள் உள்ளங்கையில் தைத்தது.

“ஆ! லாத்தா, இது கபடியா, கொலையா?”

ஊசியை எடுத்துவிட்டு ஆடினார்கள். துணி முஹ்சினாவின் கையோடு போயிற்று.

“அவுட்டு! வாசுகி மேடம் ஜெயிச்சாச்சு.”

“இருடி, இன்னும் ஒரு தடவை” என்று நசீஹா வேறு விதமாகக் கட்டிக்கொண்டு வந்தாள். இந்த முறை இருவரும் மெத்தையைத் தாண்டி உருண்டும் முக்காடு அசையவில்லை.

மூச்சு வாங்க எழுந்துபோய் எழுதினாள்: ‘உள்தொப்பிக்கு மேல் துணியை இறுக்கிச் சுற்றி, நுனிகளை ஜெர்சிக்குள் செருகிக்கொண்டு சுமையா கபடி பாடிப் போனாள்.’ அடுத்த வரியில் சுமையா இரண்டு பேரைத் தொட்டிருந்தாள்.